கோல்கீப்பருக்கு ஒரு 'ஏலே'

கிளப் காசில் ஒரு டீ கூடக் குடிக்காத எங்கள் ரசிகர் சங்கம், இன்று கம்பத்திலுள்ள கால்பந்து கிளப் ஆபீசுக்குப் போனது. கோல்கீப்பர் பாண்டியை நீக்கப்போகிறார்களாம்.

"நீங்கதானே மேட்ச் முழுக்க அவரை 'ஏலே, ஏலே'ன்னு திட்டுறீங்க?" என்றார் சென்னையிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர்.

சங்கத் தலைவர் ரஹ்மத் அக்கா பதறிவிட்டார். "அய்யோ, அது திட்டு இல்ல சார். அவன் எங்க வீட்டுப் புள்ள. ஆகாதவுகளத்தான் நாங்க வாங்க, போங்கன்னு பேசுவோம்."

மேனேஜர் மேசையிலிருந்த நீக்கல் கடிதத்தை மடித்து வைத்தார். "சரி, பாண்டி இருக்கட்டும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்க சார்."

வாசல் வரை வந்த மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ என்னை மட்டும் ஏன் இன்னும் 'சார்'னு கூப்பிடுறீங்க?"

சங்கத்து மக்களே, ஞாயிற்றுக்கிழமை மேட்சில் இவருக்கும் ஒரு 'ஏலே' போட்டுவிடலாமா?