மீன் இல்லாத மணல்

ராக்கப்பன் சாகிற வரைக்கும் அயிரையை மீன் என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் பிரயோசனப்படவில்லை.

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "இன்னைக்கு வீட்டுல மீனா, அயிரையா?" என்றுதான் கேட்பார்கள். மீன் என்றால் செதில் உரசி, குடல் எடுத்து, துண்டு போடுகிற சரக்கு. கெண்டை, விரால், கெளுத்தி எல்லாம் அதில் சேர்த்தி. அயிரை விரல் நீளம்கூட வராது. மணலுக்குள்ளேயே கிடக்கும். உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் விட்டு, தின்ற மணலைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, முழுசாகக் குழம்பில் போட வேண்டும். மீனைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். அயிரையை உழக்கில் அளந்துதான் வாங்க முடியும். இது தெரியாதவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை.

ஊர் வைகை அணைக்கு மேற்கே, ஆறு வந்து அணைத் தேங்கலில் சேர்கிற இடம். அங்கே ஆறு ஒரு வளைவு வளையும். வளைவின் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், அடியில் பொடி மணல். எதிர்ப் பக்கம் பாறையை ஒட்டி ஒரு கசம். ஆள் மேல் ஆள் நின்றாலும் தலை தெரியாத ஆழம். மணலுக்கு நேர் எதிரே கரை மேல் என் டீக்கடை.

அந்த மணல்தான் ராக்கப்பனுக்கும் அவர் பெண்சாதி மாயக்காளுக்கும் சோறு. வேறு காடு கரை கிடையாது. ராக்கப்பன் மேலே இருந்து மணலைக் காலால் கிளறிக்கொண்டே இறங்கி வருவார். கீழே மாயக்காள் பழைய கொசுவலைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். கலங்கின தண்ணீரோடு அயிரை வந்து துணியில் விழும். அந்தம்மா அதை ஈயப்போசியில் தண்ணீரோடு ஊற்றி, தலையில் வைத்துக்கொண்டு தேனி மார்க்கெட்டுக்குப் போய்விடும். முப்பது வருசம் இப்படிக் கிளறினதில் ராக்கப்பனுக்குத் தார் ரோட்டில் நடந்தாலும் கால் மேலே எழும்பாது. தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார். கடைக்குள் இருந்தே சத்தத்தை வைத்து, வருவது அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குப் பதில், அதுவும் உள்ளதை மட்டும் சொல்வார். பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்று ஊரில் பேர். அந்தப் பேர்தான் அவரைக் கவிழ்த்தது.

எழுபத்துநாலு கார்த்திகையில் ஒரு ஜீப் வந்தது. அணைக்கு வருகிற ஜனம் ஏறிச் சுற்றிப் பார்க்கப் படகு விடப் போகிறார்கள், எங்கள் வளைவில் படகுத்துறை கட்டப் போகிறார்கள் என்றார்கள். ஆற்றைத் தோண்டி ஆழமாக்கினால்தான் படகு கரைக்கு வரும். தோண்டுவதற்கு முன்னால் மீனைப் பற்றி எழுதிக்கொண்டு போக ஒரு ஆபீசர் வந்திருந்தார். பேர் ஞானதுரை. கடற்கரைப் பக்கத்து ஆள். நல்ல மனுசன் என்றுதான் சொல்ல வேண்டும். டீ குடித்த டம்ளரை அவரே கழுவி வைப்பார்.

அவர் சொன்னது இதுதான். மீன் குஞ்சு பொரிக்கிற இடத்தில் தோண்டினால் அந்த இடம் கெட்டுப்போகும். அதற்கு ஈடாக வேறு இடத்தில் கல் போட்டு, கோரை நட்டு, குஞ்சு விட்டுக் கொடுக்க வேண்டும். மீன் இல்லாத இடமாகப் பார்த்துத் தோண்டினால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே மீன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்தவர் யார்?

எல்லோரும் ராக்கப்பனைக் கை காட்டினார்கள்.

ஞானதுரை கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு மணலில் இறங்கி நின்றார். ராக்கப்பன் பக்கத்தில் நின்றார். நான் டீ கொண்டுபோனவன் டம்ளருக்காகக் காத்து நின்றேன்.

"அய்யா, நாம நிக்கிற இந்த இடத்துல மீன் இருக்கா?"

"இங்கன ஏது சார் மீனு? முழங்கால் தண்ணியில மீனு நிக்குமா? மீனு பூராம் அந்தக் கசத்துலதான் கெடக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"பொறந்ததுல இருந்து இந்த ஆத்துலதான் சார் நிக்கிறேன்."

ராக்கப்பன் மனசில் ஓடினது என்ன என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். படகுக்கு ஆழம் வேண்டும், ஆழம் கசத்தில்தான் இருக்கிறது, அதனால் துறை கசத்தில்தான் வரும் என்று நினைத்திருக்கிறார். ஆழம் இல்லாத இடத்தைக் காசு கொடுத்து மிஷின் கொண்டுவந்து எவனாவது ஆழமாக்குவானா? பாவம், கசத்து மீன் கெட்டுவிடக்கூடாதே என்றுதான் அதை அழுத்திச் சொன்னார். கசத்து மீனால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது.

ஞானதுரை எழுதினதை வாசித்துக் காட்டினார். மணல் பகுதியில் மீன் இல்லை. ஆழமான பகுதியில் மீன் உண்டு. ராக்கப்பன் தலையாட்டிவிட்டுப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

நான் அங்கேதான் நின்றேன். இந்த ஆபீசருக்கு அயிரை என்றால் என்னவென்று தெரியாது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "சார், இங்கன அயிரை இருக்கு" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. துறை மணலில் வந்தால் என் கடைக்கு நேர் எதிரே வரும். கசத்தில் வந்தால் அக்கரைக்குப் போய்விடும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசியில் தண்ணீர் வற்றினதும் மிஷின் வந்தது. இரும்புக் கயிற்றில் கட்டின வாளி போய் மணலில் விழுந்து, கடித்து இழுத்து வந்து கரையில் கொட்டும். அன்றைக்கு மாயக்காள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கரையில் பனை உயரத்துக்குக் குவியல். ஈர மணல் முழுக்க அயிரை நெளிகிறது. காக்காயும் கொக்கும் அடித்துக்கொண்டு தின்கின்றன.

மாயக்காள் குவியலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளிப் போசியில் போட ஆரம்பித்தது. ராக்கப்பன் தேய்த்துத் தேய்த்து ஜீப்புக்குப் போனார்.

"சார், அயிரை பூராம் போகுது சார்."

"மீன் இல்லைன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?"

"மீனு இல்லதான் சார். நான் பொய் சொல்லல. இது அயிரை."

ஞானதுரை குவியலுக்கு வந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "மீன் இல்லாம இது வேற என்னய்யா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

ஞானதுரை மேலே எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மீன் இல்லை என்று அந்த இடத்தில் மீன் பிடிக்கிறவரே பெருவிரல் வைத்திருக்கிறார், வேலையை நிறுத்த முடியாது. ஆனால் ஈடு என்று முதலிலேயே ஒதுக்கின பணத்தை எங்கேயாவது செலவு செய்துதான் ஆக வேண்டுமாம். அதை மீன் இருக்கிற இடமான கசத்தில் செய்தார்கள். லாரியில் கல் கொண்டுவந்து தள்ளினார்கள். தகர டின்களில் ஜிலேபி மீன் குஞ்சு கொண்டுவந்து மாலை போட்டு, போட்டோ பிடித்து, ஊற்றினார்கள். ஒரு கேடும் இல்லாத கசத்துக்கு ஈடு கிடைத்தது. ஞானதுரையை அந்த வருசமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்றைக்குக் கடையில் ராக்கப்பனைத் தேடினார். ராக்கப்பன் வரவில்லை.

ஊர் என்ன சொல்லும்? அதே மணலில் அயிரை பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நாக்கைக் கொண்டே ஆற்றைத் தோண்டினவன் என்றார்கள். மாயக்காள் மட்டும் பொறுத்துப் பார்த்தது. பங்குனி கடைசியில் ஒருநாள் என் கடை வாசலில் வைத்தே கேட்டுவிட்டது.

"முப்பது வருசமா என்னத்தய்யா பிடிச்சோம்? கேட்டவுகளுக்கு ஒரு பேர் சொல்ல வரலையா ஒனக்கு?"

அதற்கப்புறம் அந்தம்மா தேனியில் பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஆலைக்கு வேலைக்குப் போனது. போசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது.

ராக்கப்பன் போசியை எடுத்துக்கொண்டார்.

எங்கள் வளைவுக்கு மேலே இரண்டு மைல் தள்ளி ஒரு ஓடை வந்து ஆற்றில் சேரும். அந்த ஓடைவாயில் முழங்கால் தண்ணீர் உண்டு. ஆனால் அடியில் சரளைக் கல். அயிரை தங்காது. குவியலில் மிச்சம் கிடந்த மணலை லாரிக்காரன் அள்ளுகிறதற்கு முன்னால் ராக்கப்பன் கூடையில் அள்ளி, ஓடைவாய்க்குச் சுமந்தார். ஒரு நடை மணல், ஒரு நடை மிஷின் வாளிக்குத் தப்பி ஓரத்தில் கிடந்த அயிரை, போசியில். காலைத் தூக்கி நடக்க வராத மனுசன், தலையில் ஈரமணல் கூடையோடு இரண்டு மைல். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "ஏலே, ராக்கப்பன் ஆத்துக்கே மணல் சுமக்கான் பாரு, அடுத்து தண்ணியும் சுமப்பான்" என்று என் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் வருசம் வெள்ளம் வந்து மணலை வாரிக்கொண்டு போனது. குறுக்கே கல்லடுக்கி மறுபடியும் சுமந்தார். இரண்டாம் வருசம் கசத்தில் விட்ட ஜிலேபி பெருகி, மேலே ஏறி வந்து, இருந்த முட்டையைத் தின்றுவிட்டது. முள்ளுக் கட்டிப் போட்டு அதை மறித்தார். வயிற்றுக்கு வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்த்தார். மாயக்காளுக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சோறு மட்டும் ஒரே பானையில்.

எழுபத்தெட்டு ஐப்பசி. புதுத் தண்ணீர் வந்து வடிந்த பிறகு ஒருநாள் கடை வாசலில் கால் தேய்கிற சத்தம் கேட்டது. டீ வேண்டாம், காலி டம்ளர் ஒன்று கொடு என்றார். போசிக்குள் முக்கி என் முன்னால் வைத்தார். டம்ளரில் ஆறு அயிரை. கண்ணுக்குத் தெரிகிற அளவே இருந்த குஞ்சுகள்.

"நான் கொண்டுபோய் விட்டது இல்ல மொக்கை. அங்கன பொறந்தது."

மொக்கைச்சாமி என்கிற என் பேரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மணலில் டம்ளருக்காகக் காத்து நின்று, தெரிந்தும் வாயைத் திறக்காமல் வந்த கதையை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

நாலு வருசம் ஓடைவாய் நிறைந்துகொண்டே வந்தது. அவர் அதில் ஒரு உழக்குகூடப் பிடித்து விற்கவில்லை. இன்னும் இரண்டு ஐப்பசி போகட்டும், மாயக்காளைக் கூட்டிக்கொண்டு துணியோடு வருகிறேன் என்பார்.

படகுத்துறை என்ன ஆனது? மணல் சேர்கிற வளைவில் தோண்டினால் மணல் சேரத்தானே செய்யும். எண்பத்திரண்டில் முழுசாகத் தூர்ந்து, படகு தரை தட்டி நின்றது. துறையை மேலே கொண்டுபோகலாம் என்று முடிவு பண்ணினார்கள். ரோட்டுக்குப் பக்கம், ஓடைவாய்.

ஜீப் வந்தது. இந்தத் தடவை ஆபீசர் தங்கபாண்டி. வடுகபட்டிக்காரர், நம்ம பக்கத்து ஆள். அவர் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்ம ஆளுக்குத் தெரியாததா?

ராக்கப்பன் விடியும் முன்னே ஓடைவாயில் போய் நின்றுகொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அதே காகிதம், அதே கேள்வி.

"பெரியவரே, இங்கன மீன் இருக்கா?"

"இருக்கு சார்." ராக்கப்பன் தண்ணீரைக் கை காட்டினார். "மீன் இருக்கு. நெறைய மீன் இருக்கு."

தங்கபாண்டி முழங்கால் தண்ணீரைப் பார்த்தார். கூட வந்த ஆளை வலை வீசச் சொன்னார். இரண்டு விரல் நுழைகிற கண்ணுள்ள வலை. நாலு தடவை வீசியும் ஒன்றும் வரவில்லை. ராக்கப்பன் குனிந்து, மணலுக்குள் கையை விட்டு, இரண்டு கையும் சேர்த்து அள்ளி ஆபீசர் முன்னால் நீட்டினார். விரலிடுக்கில் தண்ணீர் வடிய வடிய அயிரை நெளிந்தது.

தங்கபாண்டி சிரித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, இது அயிரைல்ல? எனக்குத் தெரியாதா? எங்க ஆத்தா வைக்காத அயிரைக் குழம்பா? நான் மீனைல்ல கேக்குறேன்."

நான் முன்னால் போனேன். "அயிரையும் மீன்தான் சார். எழுதிக்கங்க" என்றேன். என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

"டீக்கடைக்காரர்தான நீங்க? துறை இங்கன வந்தா அங்கன ஏவாரம் படுத்துரும்னு பாக்குறீக." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் ராக்கப்பனைப் பார்த்தேன். அவர் கையைத் தண்ணீருக்குள் இறக்கி விரித்தார். அயிரை மணலுக்குள் போகிற வரைக்கும் குனிந்தபடியே நின்றார்.

"அவுக சரியாத்தான் சொல்றாக" என்றார். "நாமளும் அப்படித்தான சொல்லுவோம்."

அதற்கப்புறம் அவர் ஆற்றுப் பக்கம் வரவில்லை. தை பிறந்து பத்தாம் நாள் செத்துப்போனார். வியாதி என்று ஒன்றும் இல்லை.

மாசியில் ஓடைவாய்க்கு மிஷின் வந்தது. போய்ப் பார்க்க அவர் இல்லை. மாயக்காளிடம் அந்த ஈயப்போசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் போனேன். குவியலில் எனக்கு முன்னாலேயே காக்காய் வந்திருந்தது.