பதினோராம் நாளைக் கேட்டவர்

“பதினோராம் நாள் என்ன செஞ்சீங்க, மிசியே?”

எங்கள் தீவில் ஆசிரியரை மிசியே என்றுதான் அழைப்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவாவில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை அறையில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் சினாதம்பு என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற செவ்வாய்க்கிழமை, அந்த அறையில் என்னோடு உட்காரும் ஜோசே தொலைபேசியில் அழைத்து, “தோந்தோன் போயிட்டார். நுரையீரல் தாங்கல” என்றான். சற்று நிறுத்தி, “குடிக்காமத்தான் போனார்” என்றும் சொன்னான். தோந்தோன் என்றால் மாமா. அந்த அறைக்கு வந்த எல்லோருக்கும் சினாதம்பு தோந்தோன்தான். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நான் வக்குவாவில் தமிழ் ஆசிரியர். காலையில் சுண்ணக்கட்டி பிடித்தால் கை நடுங்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடங்கள் இரண்டு என்று மருத்துவர் சொன்னார். ஒன்று வக்குவாவிலேயே, என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. மற்றது ரோஷ் புவாவில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தெரிந்த முகம் இருக்காது என்று தூரத்தில் இருந்ததையே தேர்ந்தெடுத்தேன்.

வாசலில் சினாதம்பு நின்றிருந்தார். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கியவர். இயந்திரம் வந்து அந்த வேலை போனபின், ஸ்வெட்டர் தொழிற்சாலையில் சாயம் போடும் பிரிவில் இருந்தார். காவடி ஊர்வலத்தில் ஒலிபெருக்கியில் பாடும் என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பேசியது கிரியோல், எங்கள் தீவின் பேச்சு மொழி. என் தமிழில் தருகிறேன்.

“அட, தமிழ் மிசியே! கோயில் இந்தப் பக்கம் இல்லியே?”

“ஒரு சிநேகிதனுக்காக விசாரிக்க வந்தேன்.”

“அந்தச் சிநேகிதனையும் உள்ளே வரச் சொல்லுங்க. நாற்காலி நிறைய இருக்கு.”

என் முறை வந்தபோது, நான் குடிகாரன் அல்ல என்று விளக்கினேன். ஆண்டுதோறும் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறேன், ஒரு சொட்டுத் தொடுவதில்லை, நினைத்தால் நிறுத்த முடியும் என்றேன். அறையே சிரித்தது.

“அந்த மூலையில இருக்கானே ஜோசே, கொத்தனார், அவன் தவக்காலத்துல நாற்பது நாள் குடிக்காம இருப்பான். நாற்பத்தோராம் நாள் அவன் பெஞ்சாதியைக் கேளுங்க” என்ற சினாதம்பு, பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். காவடி இறக்கிய மறுநாள் காலை பத்து மணிக்கே நான் மூலைக் கடையின் பின்னறையில் ரம்முடன் உட்கார்ந்திருந்தேன். “முடியற நாள் தெரிஞ்சா எவனும் இருப்பான்” என்றார் அவர். தேர்வு நாள் வரை மனப்பாடம் செய்து, மறுநாள் அத்தனையையும் மறக்கும் மாணவர்களை நான் எவ்வளவு கண்டித்திருக்கிறேன்! என்னை அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை.

வாரம் தவறாமல் போனேன். குடி நின்றது. பூஜைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

என் தம்பி வேலா கடற்கரை ஓட்டலில் மதுக்கூடத்தில் வேலை பார்த்தான். வெள்ளைக்காரர்கள் மிச்சம் வைத்த புட்டிகள் அவன் பங்கு. அவனும் என்னைப் போலவே பத்து நாள் விரதக்காரன். நான் விட்டுவிட்டதைக் கவனித்து ஒரு ஞாயிறன்று வந்தான்.

“எப்படி அண்ணே விட்டீங்க? எனக்கும் சொல்லுங்களேன்.”

“முருகன் அருள்” என்றேன்.

தம்பியை அழைத்து வரும்படி சினாதம்பு அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் அவனைக் கேட்கவே இல்லை. அவன் வந்தால் என் கதை ஊருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த தைப்பூசத்தில் வேலா வழக்கத்தைவிடப் பெரிய காவடி எடுத்தான். முதுகு நிறைய வேல். பத்து நாள் இருந்தான். பதினோராம் நாள் குடித்தான். ஆறு மாதத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “எனக்கு மட்டும் ஏன் அண்ணே அவர் அருள் தரல?” அப்போதும் நான் அந்த அறையைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு நாளில் போய்விட்டான்.

தகனம் முடிந்த வாரம் சினாதம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. “தம்பிகிட்ட சொன்ன பொய்யை இனி எடுக்க முடியாது மிசியே. உங்க வீட்டுல சொன்ன பூஜைப் பொய் இன்னும் உசுரோட இருக்கு” என்றார். மறுநாள் தாமே வக்குவாவுக்கு வந்து, நான் என் மனைவியிடம் சொல்லி முடிக்கும்வரை வேலியோரம் நின்றார். தேநீர் குடிக்க உள்ளே அழைத்தபோது, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

ஒருமுறை அவரைத் தொழிற்சாலை வாசலில் சந்தித்தேன். ஷிப்டு முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவில், “குடிகாரங்க கூட்டத்துக்குப் போறேன், யார் வர்றீங்க?” என்று கூவினார். தையல் பிரிவுப் பெண்கள் சிரித்தார்கள். “எங்க வீட்டுக்காரனையும் கட்டித் தூக்கிட்டுப் போங்க தோந்தோன்!” என்றாள் ஒருத்தி. “விலாசம் சொல்லு, வர்றேன்” என்றார். போகவும் செய்தார். அந்த மனிதன் அதன்பின் எங்களோடு உட்கார்ந்தான்.

அந்தக் கூவலைத்தான் நான் அவரிடமிருந்து பெற்று வைத்திருக்கிறேன். அவ்வளவு உரக்க எனக்கு இன்னும் வராது; ஆனால் யார் கேட்டாலும் இப்போது இடத்தையும் கிழமையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குடியை விட்டுவிட்ட நண்பர்களுக்கு ஒன்று. இன்று வீட்டில் ஒருவரிடமாவது, நீங்கள் எங்கே போய்க் குடியை விட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.