கூட்டாத வீடு

எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லிவிட்டு வந்ததில்லை. அப்பா விவசாயக் கூலிகளின் சங்கத்தில் இருந்தார். நன்னிலத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் சங்கத்து ஆட்கள் திடுதிப்பென்று வந்து நிற்பார்கள். மண்சுவர், கீற்றுக்கூரை, ஒரே அறை. ஆனால் அம்மா அதை வைத்திருந்த அழகைப் பார்க்கவேண்டும்! விடியும்போதே கூட்டி மெழுகி, செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்துவிட்டுத்தான் நடவுக்குப் போவாள்.

"என்ன மகாராணி, அரமனையக் கூட்டியாச்சா?" என்று அப்பாவின் அக்கா கேலி செய்வாள்.

"வர்றவங்களுக்குப் போட சோறு இருக்கோ இல்லியோ, உக்கார்ற எடமாவது சுத்தமா இருக்கட்டுமே அண்ணி" என்பாள் அம்மா.

ஆட்சி மாறிவிட்டது, இனி நம்ம ஆட்சி என்று ஊரெல்லாம் வெடி போட்டார்கள். எங்களுக்கு என்ன மாறிற்று, மண்ணாங்கட்டி! கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். வயலில் கைகலப்பு. அன்று அந்தப் பக்கமே போகாத அப்பாவையும் வழக்கில் சேர்த்தார்கள். சிக்கினால் அடித்தே நொறுக்கிவிடுவார்கள் என்று சங்கத்தார் அவரை மறைத்து வைத்தார்கள்.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் போலீஸ்காரர்கள். வரும்போதெல்லாம் அம்மா அவர்களுக்கும் செம்பை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏட்டு இந்தப் பக்கத்து ஆள்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு, "எப்ப வந்தாலும் வீட்டக் கண்ணாடியாட்டம் வெச்சிருக்கியேம்மா" என்பார். பாராட்டுகிறாராம்!

ஒருநாள் விடியற்காலையில் அப்பா வந்தார். அம்மா அப்போதுதான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தாள். பழைய சோறு சாப்பிட்டார், என் தலையைத் தடவினார், பின்பக்கமாக இறங்கி வாய்க்கால் கரைக்குப் போனார். அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பாயைச் சுருட்டினாள். துடைப்பத்தை மட்டும் தொடவில்லை. வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பியதும் கூட்டினால் போனவருக்கு ஆகாது என்பார்கள். அவர் கொஞ்ச தூரமாவது போகட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது.

"வாங்கய்யா" என்று அம்மா வழக்கம்போலச் செம்பை எடுத்தாள். ஏட்டு வாங்கவில்லை. தரையில் பாய்க்கோரை உதிர்ந்து கிடந்தது. மூலையில் துடைப்பம் சாத்தியபடி இருந்தது. இரண்டையும் பார்த்தார்.

"வாசல்ல கோலம் போட்டாச்சு. உள்ள கூட்டலியேம்மா?"

"ஒடம்பு சரியில்லிங்க."

"எங்க வீட்லயும் ஆளு கெளம்புனா கூட்ட மாட்டாங்க" என்றார் அவர். பிறகு திரும்பிக் கத்தினார்: "இப்பத்தான்யா போயிருக்கான். வாய்க்காலத் தாண்டியிருக்க மாட்டான், ஓடுங்க!"

தாண்டவில்லை. மதகடியிலேயே பிடித்துவிட்டார்கள். அப்பா போட்ட சத்தம் வீட்டுக்குக் கேட்டது. அம்மா செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. என்ன பிரயோசனம்? திரும்பி வந்த அப்பாவால் குனிந்து ஒரு முடி நாற்றுப் பிடுங்க முடியவில்லை. இருமினால் ரத்தம் வந்தது. நான் பெரியவளாவதற்குள் படுத்த படுக்கையானார். எனக்கு அந்தச் சாங்கியத்தின் மேல் தீராத ஆத்திரம். இன்றைக்கும் என் வீட்டில் ஆள் படி இறங்குமுன் துடைப்பத்தை எடுத்துவிடுவேன். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அம்மா மட்டும் மாறவில்லை. யார் கிளம்பினாலும் காத்திருந்தே கூட்டினாள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாடை தெருவைத் தாண்டியதும் வீட்டைக் கூட்டிக் கழுவிவிடவேண்டும், அதுதான் முறை. அத்தை துடைப்பத்தை எடுத்தாள். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த அம்மா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி, கூட்டாதீங்க. அவரு இன்னும் வாய்க்காலத் தாண்டியிருக்க மாட்டாரு."