சாம்பல் ட்ராக்கின் கடைசி வளைவு

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் ஓட்டியவன் நான். சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியின் வார்ப்படப் பிரிவில் எனக்கு ஷிப்ட் வேலை. வேலை முடிந்தால் சைக்கிள். இந்த இரண்டும் சேர்ந்து என் முதுகையும் முழங்காலையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. இப்போது படி ஏறும்போது எந்த வலி எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

அந்தச் சைக்கிள் தொண்ணூறுகளின் கடைசியில் கிடைத்தது. துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு கப்பலின் வெள்ளைக்கார எஞ்சினியர் விட்டுப்போனது. ராயபுரத்தில் கப்பல் சாமான்களை வாங்கி விற்கும் கடையில், நங்கூரச் சங்கிலிக்கும் பழைய மிதவைச் சட்டைகளுக்கும் நடுவே சாய்ந்து கிடந்தது. தடித்த டயர், கியர் பல்சக்கரங்கள், தூக்கினால் கனமே இல்லாத உடம்பு. "மலை ஏற்ற வண்டி நைனா இது" என்றார் கடைக்காரர். எந்த மலை என்று கேட்டேன். "அத்த நீதான் தேடிக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தேடியதில் கிடைத்தது ரயில் பாதைக்கு மேலே போகும் ஒரு மேம்பாலம். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு ஏற, ஓரமாக நானும் ஏறுவேன், இறங்குவேன், திரும்பவும் ஏறுவேன். டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். பிறகு யாரோ என் வீட்டில் சண்டை என்று கதை கட்டிவிட்டார்கள். இரண்டாவது காரணத்தை எல்லோரும் சுலபமாக நம்பினார்கள்.

ஊட்டிப் பக்கமும் ஏற்காட்டிலும் பந்தயம் நடக்கிறது என்று தெரிந்ததும் லீவு போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். சைக்கிளைக் கழற்றிச் சாக்கில் கட்டி பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, இரவெல்லாம் அது விழுந்துவிடுமோ என்ற கவலையில் தூங்காமல் போவேன். அங்கே மலையில் பிறந்து வளர்ந்த பையன்கள் பால் வாங்கப் போகிற மாதிரி ஏறிப் போனார்கள். நான் எல்லைக்கோட்டுக்கு வரும்போது நாடாவைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை சாப்பாட்டுப் பொட்டலமும் தீர்ந்துவிட்டது. திரும்பி வந்தால் என் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். "மலைக்குப் போயி மண்ணத் தின்னுனு வர்றதுக்கு லீவு கீது. எங்க அக்கா பொண்ணு வளைகாப்புக்கு லீவு இல்ல" என்பாள். அவள் சொன்னதில் தப்பே கிடையாது.

அதே கம்பெனியில் வெல்டிங் வேலை பார்த்தவன் என் கூட்டாளி. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர், இவன் கம்பெனிக்கு வந்துவிட்டான். என்னைப் பார்த்து அவனும் ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கினான், அவனும் என்னோடு மலைக்கு வந்து கடைசிக்கு முந்தின இடம் பிடித்தான். கடைசி நான். ஒரு தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்: "மாமு, அவனுங்க எடத்துல போயி நாம ஏன் தோத்துகினு கெடக்கணும்? நம்ம மண்ணுல வந்து ஓட்டிப் பாக்கச் சொல்லு." அந்தப் பேச்சில்தான் ட்ராக் ஆரம்பித்தது. அன்றைக்குத் தூங்கிப்போய் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் என் முதுகு இவ்வளவு கெட்டிருக்காது.

குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பொட்டல். ஒரு பக்கம் வேலிகாத்தான் புதர், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள், அவற்றுக்கு அப்பால் ஒரு பெரிய மணல் மேடு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மேடு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதன் அடிவாரத்தில் குப்பத்தின் சுடுகாடு. குப்பத்து ஓரத்தில் ட்ராக்கை ஆரம்பித்து மேடு ஏற வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டோம். வேலிகாத்தானை வெட்டிக்கொள்ளுங்கள், விறகை ஊருக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்ட் முடிந்த மாலைகளிலும் வெட்டினோம். முள் ஏறிக் கை வீங்காத வாரம் கிடையாது. வெட்டிய பிறகுதான் உண்மையான பேஜாரு ஆரம்பித்தது. மணலில் சக்கரம் புதைந்தது. மணல்மேல் சாம்பலைக் கொட்டினோம். காய்ந்தால் பவுடராகப் பறந்து மூக்கில் ஏறியது, நனைந்தால் குழம்பானது. ஒரு வருட மழை, போட்டதையெல்லாம் கொண்டுபோய் ஆற்றில் சேர்த்தது. கடைசியில் ஆற்றோரத்துக் களிமண்ணும், உடைத்த கிளிஞ்சலும், கொஞ்சம் சுண்ணாம்பும் சாம்பலோடு கலந்து, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்தோம். அது இறுகியது. மறுநாள் குதித்துப் பார்த்தோம், கால் வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கம்பெனியில் நிரந்தரம் ஆன அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

கூட்டாளியின் அப்பா அப்போதே கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நுரையீரலில் ஏதோ கோளாறு. படகின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னாடா இது, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு ஒரு ரோடா?" என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரிப்பார். நாங்கள் இல்லாதபோது யாராவது மாட்டை ட்ராக்கில் ஓட்டினால் கத்துகிறவரும் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் உயிரைக் கொடுத்துச் செய்தது கடைசி வளைவு. மேட்டிலிருந்து வேகமாக இறங்கிச் சுடுகாட்டு ஓரமாகத் திரும்புகிற இடம். வெளிப்பக்கத்தை இடுப்பு உயரம் தூக்கிச் சரிவாகக் கட்டினால்தான் வேகம் குறையாமல் திரும்ப முடியும். ஒரு கோடை முழுக்க அதிலேயே போயிற்று. அந்த வளைவில் சைக்கிள் சாய்ந்து திரும்பும்போது மட்டும் எனக்கு வயது, வேலை, சம்பளம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. ஒரே ஒரு தடவை இந்த மண்ணில் ஒரு பந்தயம் நடத்திவிட வேண்டும், மலைக்காரர்கள் இங்கே வந்து இந்த வளைவில் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

அந்தக் கோடைக்கு அடுத்த மழைக்காலத்தில் சாம்பல் குழாய் ஒன்று ஒழுகி, குப்பத்திலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பழைய பாதை முழுக்கச் சாம்பல் சேறாகிவிட்டது. முட்டிக்கு மேல் புதையும். பாடை தூக்கிப் போனவர்கள் ஒரு முறை அதில் வழுக்கி, சவம் சரிந்து, பாதிக் கூட்டம் சேற்றில் இறங்கித் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மின் நிலையத்துக்கு எழுதிப் போட்டார்கள், போய்க் கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கூட்டாளியின் அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து மகனிடம் சொன்னாராம்: "என்னிய அந்தச் சேத்துல போட்றாதீங்கடா." இதை அவன் என்னிடம் சொன்னபோது நான் பந்தயத்துக்கு நம்பர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ம் கொட்டினேன்.

பந்தயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். பெங்களூரிலிருந்தும் மலைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். முதல் நாள் மாலை ட்ராக் முழுவதும் தண்ணீர் தெளித்து இடித்து, ஓரத்தில் கொடி நட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எண்ணூர் ஸ்டேஷனில் இருபது முப்பது பேர் சைக்கிளோடு இறங்கினார்கள். அவர்களைக் குப்பத்து முனை டீக்கடையில் விட்டுவிட்டு நான் முன்னால் போனேன்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் படகுகளைப் பார்த்தேன். எல்லாமே கரையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை என்று அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை, மீனுக்கு அன்றைக்குத்தான் கிராக்கி. ஊரில் ஒரு சாவு விழுந்தால் மட்டும் எடுக்கும்வரை ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள். யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

தோளில் துண்டோடு வெளியே வந்தான். "நைனா பூட்டாரு மாமு" என்றான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்.

பந்தயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் பஞ்சாயத்தார் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "அந்தச் சேத்துல தூக்கிகினு போவ முடியாது தம்பி. உங்க வழி கெட்டியா கீது. அதுல எடுத்துனு போலாமான்னு அவன் கேக்கறான். உன்னாண்ட கேக்க அவனுக்கு வாய் வரல." நான் உடனே சரி என்று சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "முழுசா கேளு. ஒருவாட்டி ஒரு வழில பொணம் போச்சின்னா, எங்களுக்கு அப்பால அதுதான் அந்த வழி. மாத்த முடியாது. அதுல வெளையாட்டு, பந்தயம் எதுவும் கெடையாது. இன்னிக்கி ஒரு நாளுக்குன்னு நெனச்சிகினு தலையாட்டாத."

தூரத்தில் டீக்கடையில் அந்த ஆட்கள் முதுகில் நம்பர் குத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் என் கூட்டாளி சுவரைப் பார்த்து நின்றான், என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. குழாயைச் சரி செய்யாதவர்கள்மேல் வந்தது, பாதை போட வக்கில்லாதவர்கள்மேல் வந்தது, போயும் போயும் இவ்வளவு கெட்டியாக இடித்த என் கைகள்மேலும் வந்தது. அந்த ட்ராக்குக்கு இடித்த திமிசுக்கட்டையில் பாதி நாள் அவன் கையும் இருந்தது. என்னைக் கேட்காமலே அவன் சரி என்று சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? ஆனால் அவன் கேட்கவே தயங்கி நிற்கிறான்.

"எடுத்துனு போங்க" என்றேன்.

வந்தவர்களிடம் போய்ப் பந்தயம் இல்லை என்றேன். அடுத்து எப்போது என்று கேட்டார்கள். இனி இல்லை என்று சொன்னதைப் புரியவைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஒருவன் வாயில் வந்தபடி திட்டினான். இரவெல்லாம் தூக்கமில்லாமல் வந்தவனுக்கு அந்த உரிமை உண்டு, நானும் அப்படி வந்தவன்தானே. பெரும்பாலானவர்கள் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்கள். மூன்று நான்கு பேர் மட்டும் நம்பரைக் கழற்றிவிட்டு ஊர்வலத்தின் கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மேளமும் பூவுமாக அவரைத் தூக்கிப் போனார்கள். ட்ராக் தாங்கியது. ஒரு கால்கூடப் புதையவில்லை. மேட்டைச் சுற்றி வந்து கடைசி வளைவில் திரும்பும்போதுதான் பார்த்தேன். சைக்கிளுக்காகச் சரித்துக் கட்டிய இடத்தில் நாலு பேர் சமமாக நடக்க முடியவில்லை. வெளிப்பக்கத்து ஆட்கள் உயரே போக, பாடை உள்பக்கம் சாய்ந்தது. அவர் தலை மெல்ல நகர்ந்தது. முன்னால் கொள்ளிச் சட்டியோடு போன என் கூட்டாளி திரும்பிப் பார்த்தான், சட்டியை விட முடியாது அவனால். நான் ஓடிப் போய் உள்பக்கம் தோள் கொடுத்தேன். அந்தச் சின்ன உடம்பு அவ்வளவு கனமாக இருந்தது. வளைவு முடிகிறவரை தோளை எடுக்காமல் நடந்தேன்.

காரியம் முடிந்த மறு ஞாயிறு மண்வெட்டி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். எங்கே போகிறாய் என்று மனைவி கேட்கவில்லை, சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வளைவின் வெளிப்பக்கத்தை வெட்ட ஆரம்பித்தேன். கிளிஞ்சலும் களிமண்ணும் கல்லாக இறுகியிருந்தன. கட்டியதைவிட இடிப்பது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வெட்டும் எனக்கே விழுந்த மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை. கொஞ்ச நேரத்தில் மொட்டைத் தலையோடு என் கூட்டாளியும் வந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டான்.

இறால் கூடையோடு அந்த வழியாக வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். சமமாக்கிய துண்டில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, "இப்ப சோக்கா கீதுபா. நாங்க போற அன்னிக்கும் குலுங்காது" என்றார். எத்தனையோ மலைகளுக்குப் போய் வந்திருக்கிறேன், நான் செய்த எதையும் நன்றாக இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கூட்டாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இன்னும் பாதி வளைவு பாக்கி இருந்தது. குனிந்து வெட்டினோம்.