வெட்டிய மரத்தடியில் இறங்குபவர்கள்

கேரனேஜ் என்கிற எங்கள் மீனவ ஊரின் டாக்ஸி நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம், அதனால்தான் யாரும் மீறுவதில்லை. வரிசையில் இடம் கேட்டு வருகிற புது ஓட்டுநர், ஐந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு, சொன்ன இடத்தில் சரியாக இறக்கிவிட வேண்டும். வழி கேட்கக் கூடாது. கேட்டால் போச்சு, அடுத்த மாதம்தான் மறு சோதனை.

இதென்ன பிரமாதம் என்பீர்கள். எங்கள் தீபகற்பத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு, ஐயா! இருப்பதை அடையாளம் சொல்ல மாட்டார்கள், இருந்ததைத்தான் சொல்வார்கள். சினிமா கொட்டகை எரிந்து இருபது வருஷம் ஆகிறது, இன்னும் அங்கேதான் இறங்குகிறார்கள். ரம் கிடங்கில் இப்போது பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் மேற்கே வீங்கி வீங்கி, தோட்டங்களையெல்லாம் மாடிவீடுகளாக்கி, ஊரோடு ஊரை ஒட்டிவிட்டது. அதற்காக நாங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள முடியுமா?

வெர்னா சலாண்டி அதில்தான் மாட்டினாள். கிழக்கே அரீமாவிலிருந்து வந்த வெளியூர்க்காரி, முப்பத்தெட்டு வயசு. மேற்கு முனையில் அமெரிக்கர்களின் கடற்படைத் தளத்துச் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷம் துணி வெளுத்தவள். தளத்தை மூடியதும், கைக்கு வந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய நீலக் காரை வாங்கிவிட்டாள். வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் காரில் கோழிதான் வளர்க்க வேண்டும்.

முதல் சோதனையில் ஒரு பெரியவர், "சீமைப்பலா மரத்தடியில விடும்மா" என்றார். வெர்னா ஜம்மென்று மரத்தடியில் நிறுத்தினாள்.

"ஏம்மா, இது என்ன மரம்?"

"சீமைப்பலாதானே தாத்தா?"

"இது இருக்குற மரம். நான் சொன்னது வெட்டுன மரம்!"

அவள் மானம் கப்பலேறியது. நிலையத்துத் தலைவர் ஹிலாரியன் நோரியேகா ஒரு வாரம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "தங்கச்சி, நீ திரும்ப வெளுக்கவே போயிடு" என்றார்.

மறு சோதனை புனித பேதுரு திருநாளன்று வாய்த்தது. படகுகளுக்கு ஆசீர்வாதம் முடிந்து, கரையெல்லாம் மீன்குழம்பு வாசம். அந்த வாரம்தான் தளத்தின் பெரிய கதவை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். யுத்த காலத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களைக் காலி செய்ததிலிருந்து, எங்கள் டாக்ஸி ஒன்றுகூட உள்ளே போனதில்லை.

என்னையும் சேர்த்து நான்கு பேர் பின்னால் ஏறினோம். ஐந்தாவதாக முன் சீட்டில் ஹிலாரியனே வந்து உட்கார்ந்தார்.

"எங்க அண்ணே?"

"முதல்ல சாந்தா ரீத்தா. எங்க வீட்டு வாசல்ல விடு."

சாந்தா ரீத்தா என்று ஓர் ஊரே இப்போது கிடையாது. காலி செய்தபோது அவருக்கு ஏழு வயசு. வீடு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது!

"அநியாயம் தலைவரே" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"சட்டம்னா சட்டம்" என்றார் அவர்.

வெர்னா வண்டியைக் கிளப்பினாள். கதவைத் தாண்டினாள், சலவைக்கூடத்தைத் தாண்டினாள், மூங்கில் புதரை ஒட்டி இடப்பக்கம் திரும்பி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். புல்லுக்குள் மூன்று சிமென்ட் படிகள் இருந்தன. படியேறினால் வெறும் காற்று.

"இதுதான்னு உனக்கு யாரு சொன்னா?" ஹிலாரியன் கீழே இறங்கினார்.

"பிலோமினா அக்கா. என் பக்கத்துத் தொட்டியில வெளுத்தாங்க, இந்த ஊர்க்காரங்க. சாப்பாட்டு நேரத்துல என்னை இழுத்துட்டு வந்து வீடு வீடாக் காட்டுவாங்க. மேல் படியைப் பாருங்க அண்ணே. ஈர சிமென்ட்டுல நோரியேகா வீட்டுப் பொடியன் கால வச்சு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டானாம்."

அவர் புல்லை விலக்கினார். சின்னஞ்சிறு பாதம் ஒன்று பதிந்திருந்தது, ஐந்து விரலோடு. அந்தப் பெரிய மனுஷர் ஷூவைக் கழற்றி, தன் பாதத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அப்புறம் படியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தார். எங்கள் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்" என்றார்.

"அஞ்சு மைல் அண்ணே!"

"தெரியும். அன்னைக்கும் நடந்துதான் வந்தோம்."

"அன்னைக்கு வண்டி இல்ல. இன்னைக்கு நான் இருக்கேன். ஏறுங்க."

ஹிலாரியன் ஷூவைக் கையில் பிடித்தபடியே வந்து ஏறினார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குக் காலையில வரிசையில என் வண்டிக்கு முன்னால நிறுத்து."