ஏரிக்கடியில் ஒரு வண்டிப்பாட்டை

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் ஓர் அணியாகப் பயில்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இளைஞன் கார் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறான். முதல் ஷிஃப்ட் முடித்து, அரைமணி தூங்கி, விசிலை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். புது சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம் என்னைத் தேடி வந்தான்.

"சார், நீங்க சின்ன வயசுல ஏரியிலயே நீஞ்சினவராமே. பசங்களாண்ட ரெண்டு வார்த்த பேசுங்க சார். கொஞ்சம் உசுப்பேத்தி வுடணும்."

முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு முழங்காலில் வலி கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நீச்சலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதுதான் உண்மை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இந்த மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் ஏரியின் ஒரு துண்டு தெரியும். மீதியைக் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் மைதானம் மறைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அந்த ஏரி இரண்டு ஊர்களுக்குச் சொந்தம். மேற்கே நாங்கள், கிழக்கே இன்னோர் ஊர். ஏரி நிரம்பிய வருஷங்களில் காணும் பொங்கலன்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் நீச்சல் போட்டி நடக்கும். ஊருக்கு ஐந்து பேர். மதகில் இறங்கி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வரை நீந்த வேண்டும். முதலில் வருகிறவனுக்கு அதில் மரியாதை எதுவும் இல்லை. எந்த ஊரின் ஐந்தாவது பிள்ளை முந்திக்கொண்டு கலங்கல் கல்லைத் தொடுகிறானோ அந்த ஊர்தான் ஜெயித்தது. தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஏரி பாய்ந்ததாகக் கணக்கு, அதே நியாயம்தான் இதற்கும் என்பார் அப்பா.

எங்கள் ஊர் ஜெயித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஐந்தாவது ஆள் என் தம்பி, சித்தப்பா மகன். ஒன்பது வயது. நீந்தத் தெரியும், ஆனால் தண்ணீரில் இறங்கப் பயம். மதகுப் படியில் நின்று அழுவான். யாராவது பிடித்துத் தள்ளினால், விழுந்த பிறகு மீனைப் போலப் போவான்.

அந்த வருஷம் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பை மாமா தானாக எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி. பட்டணத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளை விசிலுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கடலில் நீந்தியிருப்பதாகச் சொல்வார். அலை எப்படித் தூக்கும், எப்படிச் சுருட்டும் என்று கையை வளைத்து அவர் காட்டும்போது எங்கள் நாக்கில் உப்புக் கரிக்கும்.

அவர் ஆரம்பித்தது ஆவணி மாதத்தில். ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த ஏரித்தரையில் வைக்கோலைப் பரப்பி, எங்களைக் குப்புறப் படுக்கவைத்துக் காலை அடிக்கச் சொன்னார். விசில் ஒரு முறை ஊதினால் வலது கை, இன்னொரு முறை ஊதினால் இடது கை. மாடு ஓட்டி வந்த கிழக்கூர்ப் பிள்ளைகள் கரைமேல் நின்று கைகொட்டினார்கள்.

"டேய், பாருங்கடா! எருமைங்க மண்ணுல நீஞ்சுது!"

"தண்ணி வரட்டும், அப்போ வாங்கடா மாப்ளைங்களா. நீங்க கலங்கலுக்கு வந்து சேர்றதுக்குள்ள இவனுங்க தல தொவட்டிக்கினு வூட்டுக்குப் பூடுவானுங்க," என்றார் மாமா, கொஞ்சமும் கோபப்படாமல்.

பிறகு எங்களை எழுப்பி ஏரிக்குள் நடத்திக்கொண்டு போவார். எனக்கு அந்த நடைகள்தான் இன்றும் கனவில் வருகின்றன. மதகிலிருந்து கலங்கல் வரை, போட்டி நடக்கும் பாதையை அடி அடியாக நடப்போம். கருவேல மரத்தடியில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்வார். "இந்த எடத்துல ரெண்டு ஆள் ஒசரத்துக்குத் தண்ணி நிக்கும். அதோ அந்த மைனா உக்காந்துக்கினு கீதே, அங்கதான் உங்க வயிறு போவும்." நாங்கள் அண்ணாந்து பார்ப்போம். வெயிலில் நெளிகிற காற்று தண்ணீராகவே தெரியும். எங்களுக்கு மேலே நாங்களே நீந்திப் போவதைப் பார்ப்போம். தாமரைக்கொடி எங்கே காலைச் சுற்றும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், பழைய வண்டிப்பாட்டை மேடாக எங்கே குறுக்கே போகிறது என்று அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. "பாட்டை மேல மட்டும் கழுத்தளவுதான் தண்ணி. மூச்சு முட்டினா அங்க நின்னுக்கலாம். ரெண்டு பக்கமும் ஆழம், ஜாக்கிரத." ஒருவன் மூழ்கினால் எப்படித் தூக்குவது என்பதையும் அந்த வறண்ட தரையில்தான் சொல்லிக்கொடுத்தார். "முன்னால போவாத, உன்னையும் சேத்து இழுத்துடுவான். பின்னால போயி முடியப் புடி."

ஐப்பசியில் மழை பிடித்தது. நாங்கள் நடந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தது. கார்த்திகையில் ஏரி நிறைந்து, கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே நின்றது. தண்ணீரில் இறங்கிய முதல் நாளே எங்களுக்கு வழி தெரிந்திருந்தது. கண்ணை மூடினாலும் கீழே தரை தெரிந்தது.

மாமாவின் திட்டத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தம்பிக்குப் பக்கத்திலேயே நான் நீந்த வேண்டும். அவனைவிட ஒரு முழம்கூட முந்தக் கூடாது. அணியில் வேகமானவன் நான். கலங்கலில் நிற்கும் கூட்டம் நான் முதலில் வருவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி. "அவனத் தள்ளி வுட்டா போதும் மாமா, தானா வருவான்," என்றேன்.

"தள்ளக் கூடாது மாப்ள. எவனும் அவன் மேல கை வெக்கக் கூடாது. அவனா எறங்கணும். அவன் எறங்கற அன்னிக்கு நாம ஜெயிச்சோம்னு வெச்சுக்கோ."

அதே கார்த்திகையில் ஒரு நாள் மாமாவின் விசில் கழன்று படியோரத் தண்ணீரில் விழுந்தது. இடுப்பளவு ஆழம்தான். அவர் குனிந்தார், ஒரு காலை நனைத்தார், பிறகு என்னை எடுத்துத் தரச் சொன்னார். மதகுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாளில் அவர் வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்து நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. அந்த ரகசியத்தை இலந்தைக்கொட்டை போல வாயில் அடக்கிக்கொண்டு பல நாள் திரிந்தேன்.

மார்கழியில் ஒரு காலை. ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. அன்று, வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிய தம்பியை நான் வேண்டுமென்றே நடுவழியில் விட்டுவிட்டு முன்னால் போய்த் திரும்பினேன். அவன் கருவேலக் கிளையைப் பிடித்துக்கொண்டு கத்த, மற்றவர்கள் போய் அழைத்து வந்தார்கள். மாமா என்னை எல்லார் முன்னாலும் திட்டினார். அதிகம் ஒன்றும் இல்லை. "உன் ஒருத்தனுக்காகவாடா இந்த ஏரி ரொம்பிக் கெடக்குது?" என்றார்.

நான் கேட்டேன்: "உனக்கு நீஞ்சத் தெரியுமா மாமா? எங்க, எறங்கிக் காட்டு பாக்கலாம்."

முருங்கை என்று நாங்கள் கூப்பிடும் நெட்டைப் பையன் சிரித்தான். "இன்னாடா, கடல்லயே நீஞ்சின ஆளப் பாத்துக் கேக்கற?" தம்பி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தார். விசிலைத் தம்பியின் கழுத்தில் மாட்டிவிட்டார். "ஒண்ணும் இல்லடா, தண்ணிதான்," என்று சொல்லிவிட்டு, கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய் இறங்கினார்.

இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு பனிக்குள் அவர் தலை மட்டும் மிதந்து போனது. இரண்டு கைகளும் மாறி மாறி வெளியே வந்து விழுந்தன. என்ன அழகான வீச்சு! பிள்ளைகள் குதித்தார்கள். நான் மட்டும் அவர் இறங்கிய இடத்தைப் பார்த்தேன். ஆவணியில் அவரே காட்டிய இடம். அவர் வண்டிப்பாட்டைமேல் நடந்துகொண்டிருந்தார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நீஞ்சல! மாமா நடக்குது! பாட்டை மேல நடக்குதுடா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பலில் கால் பாட்டையை விட்டு நழுவியது. ஒரு கை மேலே வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பனி அந்த இடத்தை மூடிக்கொண்டது.

மற்ற நான்கு பேரும் குதித்துவிட்டார்கள். எல்லாரையும்விட வேகமானவன் நான், படியிலேயே நின்றேன். பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பயமில்லை. நான் சொன்னது சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னை அடிக்கவில்லை. "அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்டா. கெழக்கூரானுக்குக்கூடத் தெரியும். எவனாச்சும் வாயத் தொறந்தானா? உனக்கு மட்டும் இன்னா வந்துது?" என்று கேட்டார். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு பொய்யை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் சோறு மட்டும் போட்டாள். பொங்கலுக்கு முன்பே மாமா தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏதோ மில் வேலைக்குப் போய்விட்டார். காணும் பொங்கலன்று நாங்கள் தோற்றோம். அன்று எங்கள் ஐந்தாவது ஆள் தம்பி இல்லை, நான்தான். நடு ஏரியில் என் கைகள் ஓய்ந்துவிட்டன. மாமா இறந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டதில்லை.

இனி அந்தக் காலை. நான்கு பிள்ளைகளும் மாமாவை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவர் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினார். கண் சிவந்திருந்தது, காதெல்லாம் சேறு. மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என் முடிய மொதல்ல புடிச்சது யாருடா?"

தம்பி அடி விழும் என்று நினைத்தானோ என்னவோ, மற்றவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். முருங்கை அவனை முன்னால் இழுத்து நிறுத்தினான். "இவன்தான் மாமா."

"இவனா? எவனாச்சும் புடிச்சித் தள்ளனீங்களா?"

"இல்ல மாமா. எங்களுக்கு முன்னாடியே குதிச்சிட்டான்."

மாமா சேற்றில் எழுந்து உட்கார்ந்தார். நடுங்கிக்கொண்டிருந்த தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாக, வாயிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, நிறுத்த முடியாமல் சிரித்தார். நான் காய்ந்த துணியோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். குட்டு உடைந்துபோன மனிதர் வெட்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். வெகு காலம் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.