லாபிர் என்ஜினியர் உடைத்த மூடிகள்

கல்முனை பஸார்த் தேநீர்க் கடையில் யாருடைய வீட்டுச் சங்கதியையோ நான் சுவையாக அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான், "லாபிர் என்ஜினியர் மௌத்தாம்" என்று அவர் இறப்பைச் சொன்னார்கள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும்.

சவூதி போனவர்கள் கசெற் ரேடியோவும் அத்தருமாக வந்திறங்கிய காலம். லாபிர் காக்கா கொண்டுவந்தது சாம்பல்நிறத் தூள் மூட்டைகள்; சிலிக்கன் உருக்கும் உலைப் புகையிலிருந்து பிடித்த சிலிக்காத் தூள். "அடுப்படியில கெடக்கிற சாம்பலுக்கா மருமகன் சவூதிக்குப் போன நீங்க?" என்று மாமியார் கேட்டாராம். எனக்கு யார் சொன்னதென்று கேட்க வேண்டாம்.

நிந்தவூரில் கொங்கிறீற் வார்க்கும் வளவொன்று தொடங்கினார். பகிடிக் கதை எழுதும் நானும் சங்கதி பொறுக்க அங்கேயே கிடப்பேன். எங்கள் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். அவர் கம்பிக்குப் பதில் தென்னந்தும்பு போட்டார். தும்பைச் சீமெந்து அரித்துவிடாதா என்றேன்.

"அதுக்குத்தான் தூள். சீமெந்துட காரத்தையும் குறைக்கும், ஓட்டையையும் அடைக்கும். தண்ணி உள்ள போக வழி தேடித் திரியும்."

முதல் வேலை, பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டிக்கு மூடிகள். அது பிழைத்துப்போனால் ஊரில் வேறெவரும் வேலை தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வார்த்துவிட்டு எல்லோரும் ஜும்மாவுக்கு ஓடினோம். சாதாரணக் கொங்கிறீற்றில் தண்ணீர் மேலே ஊறி நிற்கும். தொழுதுவிட்டு வந்து ஈரச் சாக்கால் மூடினாலும் போதும். தூள் போட்டதில் அது ஊறவில்லை. திரும்பி வந்தபோது மூடிகள் மேலே காய்ந்து கோடை வயலாக வெடித்துக் கிடந்தன.

தலைமை மேசன் காதருகே வந்தார். "காக்கா, சீமெந்துப் பால் தடவினா ஒருத்தருக்கும் விளங்காது."

அதற்குள் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் வளவுக்குள் வந்துவிட்டார். லாபிர் காக்கா சம்மட்டியைத் தூக்கினார்.

"ஓம் மரைக்கார், வெடிச்சிட்டு. ஈரச் சாக்குப் போடாமப் போனது என்ட பிழை."

ஒவ்வொன்றாக உடைத்தார். மரைக்கார் கடைசி மூடிவரை பார்த்து நின்றார்.

"நீங்க பூசி மறைக்கிற ஆளெண்டா வேற ஆளப் பார்த்திருப்பன். திரும்ப ஊத்துங்க."

அடுத்த தடவை விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வார்த்து, உடனே ஈரச் சாக்குப் போர்த்தினார். சாக்குப் போதாமல் என் இடுப்பிலிருந்த புதுச் சாரனும் போயிற்று. மூடி இறுகிய பின் மரைக்கார் தம் பெருத்த உடம்போடு ஏறிக் குதித்துப் பார்த்தார். மூடிக்கு ஒன்றுமில்லை, மரைக்காருக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"வெடிப்ப முதல்ல காண்றது நாம. முதல்ல சொல்றதும் நாமளா இருக்கணும்" என்பார் லாபிர் காக்கா.

எழுதியதில் வெடிப்புக் கண்டால் இன்னொரு பகிடியைப் பூசி மறைப்பது என் தொழில். அவரால் கிழித்துப்போடவும் பழகினேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். இதையும் கிழித்துக் கிழித்துத்தான் எழுதினேன். ஒரே மூச்சில் எழுதி முடிக்கக்கூடிய மனிதரல்லர் அவர்.